பிரேக் பேடை மாற்றும் முன் பிஸ்டனைப் பாருங்கள்

அண்ணாச்சி, உங்கள் 1983 பென்ஸ் 123 வண்டியில் பின்பக்க வலது சக்கரத்தின் உள்பக்க பிரேக் பேட் மட்டும் கரைந்துவிட்டது, பேட்களை மாற்றினால் போதும் என்று மெக்கானிக் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து பொறுங்கள். காரணத்தைத் தீர்க்காமல் போட்டால் புது பேடும் அதே கதிதான்.

அந்த வண்டியின் பின் காலிப்பர், அதாவது பேட்களை அழுத்தும் பிடி, நகராத வகை. சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்க்கின் இருபுறமும், பேடைத் தள்ளத் தனித்தனி பிஸ்டன். உள்பிஸ்டன் அழுத்திவிட்டுத் திரும்பாமல் நிற்கலாம். அல்லது வெளிப்பிஸ்டன் துருவேறி அசையாமல் போய், முழுச் சுமையும் உள்பக்கம் விழலாம். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக்காற்றில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது எளிதில் வரும்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றுங்கள். முதலில் பேட் தன் இடத்தில் தடையின்றி நகர்கிறதா என்று பாருங்கள்; துருதான் பிடித்திருக்கிறது என்றால் கம்பி பிரஷ்ஷே போதும். பிறகு பேட்களை எடுத்து, ஒவ்வொரு பிஸ்டனாக மெல்ல உள்ளே தள்ளுங்கள். எது முரண்டு பிடிக்கிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டுமே திரும்ப மறுத்து, ப்ளீடர் நிப்பிளை (காலிப்பரிலிருந்து பிரேக் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) திறந்ததும் இளகினால், ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது.

பார்க்கிங் பிரேக்கைக் குறை சொல்லாதீர்கள். அதன் ஷூ, அதாவது உராயும் கட்டை, டிஸ்க்கின் நடுவிலுள்ள டிரம்முக்குள் இருக்கிறது. இந்த பேடைத் தொடுவதே இல்லை.

காலிப்பருக்கு ரப்பர் சீல் கிட் போடும்போது பெட்ரோலால் கழுவ விடாதீர்கள், சீல் உப்பிவிடும். புது பேட்களை இரு பின்சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள்.