தனிமை மூளையின் நலத்தை எவ்வாறு பாதிக்கிறது?

பழகுவதற்கும் பேசுவதற்கும் ஆள் குறைந்துபோவது சமூக விலகல். ஆட்கள் சூழ இருந்தும் நெருக்கமானவர் இல்லையென உணர்வது தனிமை. இரண்டுமே மூளையைப் பாதிக்கக்கூடியவை.

உரையாடும்போது முகக்குறிப்பை அறிவது, பழையதை நினைவுகூர்வது, பதிலைத் தேடுவது என மூளையின் பல பகுதிகள் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. அந்த உழைப்பு நின்றுவிட்டால், ஆள் புழங்காத வீட்டின் கதவு இறுகிப்போவதைப் போல, அத்திறன்களும் மந்தமாகின்றன. அத்துடன், நீடித்த தனிமையுணர்வு உடலை எச்சரிக்கை நிலையிலேயே வைத்திருப்பதால் தூக்கமும் கெடுகிறது.

அன்டார்க்டிகாவிலுள்ள ஜெர்மனியின் நியூமாயர் ஆய்வு நிலையத்தில் 14 மாதங்கள் தங்கிய 9 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. நினைவாற்றலுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதி சராசரியாக 7 சதவீதம் சுருங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான், மாறாத பனிவெளிக்கும் அதில் பங்கிருக்கலாம். ஆயினும், லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, தவிர்க்க முயலக்கூடிய 14 மறதிநோய்க் காரணிகளுள் சமூக விலகலும் இடம்பெற்றுள்ளது. செவித்திறன் குறைவும் அதே பட்டியலில் இருப்பது கவனிக்கத்தக்கது: காது மந்தமானவர், மறுபடியும் மறுபடியும் கேட்கக் கூச்சப்பட்டே பேச்சிலிருந்து ஒதுங்கிவிடுகிறார்.

தனியாக வசிப்பவர்களுக்கெல்லாம் மறதிநோய் வந்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. கூடுவது அபாயம் மட்டுமே, அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.