டொர்னாடோ வரும்போது ஜன்னலைத் திறக்க வேண்டுமா?

கேள்வி: டொர்னாடோ (மேகத்திலிருந்து தரைவரை நீளும் கடும் காற்றுச் சுழல்) வரக்கூடிய பகுதிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். சுழல் நெருங்கும்போது வெளியே காற்றழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், வீட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து வீடே வெடித்துவிடும், அதனால் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அழுத்தம் உண்மையிலேயே அவ்வளவு குறையுமா?

பதில்: ஜன்னல் பக்கமே போகாதீர்கள். பெரியவரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் இது பல காலம் பாதுகாப்பு அறிவுரையாகவே சொல்லப்பட்டு வந்தது. ஆனால் தவறு.

அழுத்தம் குறைவது உண்மைதான். 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் என்ற சிற்றூரில், டிம் சமாரஸ் என்ற பொறியாளர் தட்டையான கூம்பு வடிவக் கருவி ஒன்றைச் சுழல் வரும் பாதையில் வைத்துவிட்டு விலகினார். சுழல் அதன் மேலேயே கடந்தது. அப்போது பதிவான அழுத்தச் சரிவு 100 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு). கடல் மட்டத்தில் சராசரி அழுத்தம் 1013 என்பதால், கடற்கரையிலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் தூக்கிவிடப்பட்டதற்குச் சமம் இது. டொர்னாடோவில் சிக்கிப் பிழைத்தவர்கள் காது அடைத்தது என்று சொல்வது இதனால்தான்.

சரி, வீடு ஏன் வெடிப்பதில்லை? கொஞ்சமும் காற்றுப் புகாத பெட்டி என்றால் 100 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு வெளியே தள்ளும். எந்த வீடும் அப்படி இல்லை. கதவிடுக்கு, புகைபோக்கி, கூரையடி இடைவெளி என்று எத்தனையோ வழிகளில் காற்று தானாகவே வெளியேறிவிடும். அதோடு, இத்தனை பெரிய சரிவு சுழலின் நடுப்பகுதியில் மட்டும்தான். அந்த நடுப்பகுதி தொடாத வீடுகளும் நொறுங்குகின்றன. நொறுக்குவது காற்று.

அழுத்தத்துக்கும் காற்றுக்கும் உள்ள உறவு முக்கியம். நடுவில் இருக்கும் தாழ்வழுத்தம் காற்றை உள்நோக்கி இழுக்கிறது. சுற்றும் வேகம் அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. அதனால் மிகக் கடுமையான காற்று மையத்தில் வீசாது, அதைச் சூழ்ந்த வளையத்தில் வீசும். தரையோரத்தில் உராய்வு காற்றின் சுழற்சியைக் கொஞ்சம் குறைப்பதால் உள்நோக்கிய இழுப்பு ஜெயிக்கிறது. காற்று உள்ளே பாய்ந்து, அப்படியே மேலே திரும்புகிறது. ஆகவே உச்ச வேகம் பெரும்பாலும் தரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள்தான், அதாவது வீடுகள் இருக்கும் உயரத்தில்தான். பெரிய சுழலுக்குள் சின்னச் சின்னச் சுழல்களும் சேர்ந்து சுற்றுவது உண்டு. ஒரு வீடு தரைமட்டமாகிப் பக்கத்து வீடு தப்பிப்பதற்கு இது ஒரு காரணம்.

வேகம் இரட்டிப்பானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 180 கிலோமீட்டரில் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ என்றால், 360 கிலோமீட்டரில் 600 கிலோ. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் ரேடார் அளந்த வேகம் ஏறத்தாழ 480 கிலோமீட்டர்!

இப்போது ஜன்னலுக்கு வருவோம். காற்று வரும் பக்கம் திறந்திருந்தால் அது உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து முட்டும். கூரைக்கு மேலே பாயும் காற்றோ அதை மேல்நோக்கி உறிஞ்சும். கூரை கிளம்பியதும் பிடிமானம் போன சுவர்கள் வெளிப்பக்கமாகச் சாய்கின்றன. இடிபாட்டைப் பார்த்தால் உள்ளிருந்து வெடித்தது போலவே தெரியும். பழைய நம்பிக்கை அப்படித்தான் வேரூன்றியது. கார் ஷெட்டின் அகலக் கதவும் இதே மாதிரி சீக்கிரம் பிய்த்துக்கொள்ளும், அதையும் மூடியே வையுங்கள்.

எச்சரிக்கை வந்ததும் நேரே நிலவறைக்குப் போங்கள். அது இல்லையென்றால் தரைத்தளத்தில், ஜன்னலே இல்லாத நடு அறை. குளியலறையாக இருந்தாலும் பரவாயில்லை. போகிற வழியில் அறைக் கதவுகளைச் சாத்துங்கள். ஹெல்மெட் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெத்தையால் தலையை மூடுங்கள். பறந்து வரும் பொருட்கள்தான் அதிகம் காயப்படுத்துகின்றன.

இன்னொன்று: கண்ணுக்குத் தெரியும் புனல், அழுத்தம் குறைந்து குளிர்ந்த காற்றில் ஈரம் மேகமாக மாறிய பகுதி மட்டுமே. சுழலின் எல்லை அதுவல்ல. புனல் இன்னும் தரையைத் தொடவில்லையே என்று வாசலில் நின்று பார்க்காதீர்கள். அதற்குக் கீழே காற்று ஏற்கெனவே தரையில் சுழன்றுகொண்டிருக்கலாம்.