கேக் ஓவனில் கிளட்ச் கவரா?

கேள்வி: அப்பாவின் பழைய ஹொண்டா சீ.டி. 125 ஐத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கிளட்ச் கவர் உப்புக் காற்றில் பொரிந்து வெள்ளை பூத்துக் கிடக்கிறது. பவுடர் கோட்டிங் (பெயின்ற் தூளை மின்னேற்றி அடித்து ஒட்டவைத்து, சூட்டில் உருக்கி இறுக்குவது) செய்யும் கன் ஒன்று வாங்கிவிட்டேன். அம்மா கேக் போடுகிற ஓவனிலேயே சூடாக்கலாமா? பக்கத்து வீட்டு அண்ணை தன் பல்சரின் அலோய் றிம்மையும் செய்து தரச் சொல்கிறார்.
– ஒரு வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: அம்மாவின் ஓவனைத் தொடாதீர்கள் தம்பி. பவுடர் உருகும்போது வரும் புகை உள்ளே படிந்த பிறகு அதில் சாப்பாடு வைக்கக் கூடாது. பழைய மின்சார ஓவன் ஒன்றை இதற்கென்றே வாங்கி வெளியே கொட்டிலில் வையுங்கள், காஸ் ஓவன் வேண்டாம், காற்றில் பறக்கிற பவுடர் நெருப்பைப் பிடித்துக்கொள்ளும்.

றிம்மை நான் என்றால் தொடமாட்டேன். அலோய் றிம்முக்குப் பலம் வருவதே வார்த்த பிறகு சுமார் 150, 170 பாகையில் மணிக்கணக்காக வைத்துப் பதப்படுத்துவதால்தான். பவுடர் இறுகுவதற்கு 180 முதல் 200 பாகை செல்சியஸ் வேண்டும். அளவோடு பத்து, இருபது நிமிடம் என்றால் பரவாயில்லை, ஆனால் ஓவன் குமிழில் 200 என்று இருக்க உள்ளே 240 ஓடினாலோ, சரிவரவில்லை என்று இரண்டு மூன்று தரம் சுட்டாலோ உலோகம் பலமிழந்து மென்மையாகிவிடும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும். பிறகு அண்ணை பருத்தித்துறை வீதிக் குழியில் விழுத்தும்போதுதான் தெரியவரும். அளந்து சுடுகிற தொழிற்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கவரை நீங்களே செய்யலாம். ஓயில் சீல், ரப்பர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கஸ்கட் இருக்கும் முகத்தையும் ஆணித் துளைகளையும் சூடு தாங்கும் டேப், சிலிக்கோன் அடைப்பான்களால் மூடுங்கள். மணற்காட்டில் மணல் சும்மா கிடக்கிறதே என்று அதை அடித்துச் சுத்தம் செய்ய வெளிக்கிடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கிவிடும், மணலுக்குப் பதில் அடிக்கிற பொடிக் கண்ணாடி மணி போதும், அதற்கும் முகமூடி வேண்டும். பிறேக் கிளீனர் போட்டுத் துடைத்துவிட்டுச் சூடாக்க வேண்டாம், சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது, சூட்டில் அது நச்சு வாயுவாகும். அசற்றோன் நல்லது, முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஓவனுக்குள் போக வேண்டும்.

வார்ப்பு அலுமினியம் எத்தனையோ வருட எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். பவுடர் போடாமலே ஒருமுறை, இறுகும் சூட்டைவிடக் கொஞ்சம் கூட்டி அரை மணி நேரம் சுடுங்கள், எண்ணெய் கசியும், துடையுங்கள். இதை விட்டால் கோட்டிங் முழுக்கக் கொப்புளம்தான். பவுடர் அடிக்கும்போது கவருக்கு எர்த் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பவுடர் ஒட்டாது, பொறியும் பறக்கும். நேரத்தைக் கவர் சூடேறிய பிறகு எண்ணுங்கள், ஓவனைப் போட்ட நேரத்திலிருந்து அல்ல.

கேள்வி: பழைய பெயின்ற்றை உரிக்க கோஸ்டிக் சோடா போடலாமா?
– இன்னொரு வாசகர், கொக்குவில்

பதில்: இரும்புக்குப் போடலாம். அலுமினியத்தை அது தின்றுவிடும், தின்னும்போது தீப்பிடிக்கிற ஐதரசன் வாயு வேறு கிளம்பும்.