பழைய ஸ்டீரியோவுக்குச் சிக்கனமான சப்வூஃபர்: வாசகர் கேள்விகள்

என் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரில் சப்வூஃபருக்கென்று (தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டிக்கென்று) தனி வெளியீடு இல்லை. ஆம்ப்ளிஃபையரை மாற்றியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் கொண்டதும், ஆர்.சி.ஏ. குழிகளோடு (வழக்கமான ஆடியோ கேபிளின் வட்ட முனையைச் செருகுபவை) ஸ்பீக்கர் வயர் செருகும் முனைகளும் உள்ளதுமான சப்வூஃபராகப் பார்த்து வாங்குங்கள். இப்போதுள்ள ஸ்பீக்கர் வயர்களை அப்படியே விட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் அதே ஸ்பீக்கர் முனைகளிலிருந்து இன்னொரு ஜோடி வயரைச் சப்வூஃபருக்குக் கொண்டு செல்லலாம். சப்வூஃபரின் உள்ளீட்டு மின்தடை மிக அதிகம் என்பதால் ஆம்ப்ளிஃபையருக்குக் கூடுதல் சுமை ஏறாது. ஆனால் இக்காலத்துச் சிறிய கிளாஸ்-டி (அதிகம் சூடாகாத, டிரான்சிஸ்டரைச் சுவிட்ச் போல இயக்கும்) ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இடது, வலது கறுப்பு (நெகட்டிவ்) முனைகளை ஒன்றாகச் சேர்த்தால் கருவியே பழுதாகிவிடும் என்பதால், அவற்றுக்குக் கையேட்டைப் பார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும்.

பழைய 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) செட்டிலிருந்த சப்வூஃபர் பெட்டி சும்மா கிடக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையர் இல்லையென்றால் வேண்டாம். அதை ஸ்பீக்கர்களோடு நேரடியாக இணைத்தால் ஆம்ப்ளிஃபையர் சூடேறிக் கெடக்கூடும். தனி ஆம்ப்ளிஃபையரும், தாழ்ந்த ஒலியை மட்டும் பிரித்தனுப்பும் ஃபில்டரும் வாங்கும் செலவுக்கு, நல்ல நிலையில் உள்ள பழைய சப்வூஃபரே கிடைத்துவிடும்.

8 அங்குல சப்வூஃபர் வாங்கினேன். மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) ‘கும்’மென்று இரைகிறது, பாடகரின் குரலோ அமுங்கிவிட்டது. விலை உயர்ந்ததாக வாங்கியிருக்க வேண்டுமோ?

இந்தக் குறைக்குப் பெரும்பாலும் விலை காரணமல்ல, வைத்த இடமும் குமிழ்களின் அமைப்புமே காரணம். 12 அடி நீள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 47 அதிர்வு) ஒலி மோதி மோதிப் பெருகும். மூலையில் வைத்த பெட்டி அந்தப் பெருக்கத்தை முழு வேகத்தில் தூண்டிவிடும். சப்வூஃபரைத் தற்காலிகமாக நீங்கள் அமரும் நாற்காலியிலேயே ஏற்றி வைத்து, கீழ் ஸ்வரங்கள் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து வாருங்கள். வீட்டார் சிரிக்கத்தான் செய்வார்கள்; ஆனால் எந்த இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே அளவில் தெளிவாகக் கேட்கிறதோ, அதுவே பெட்டிக்குரிய இடம்.

அடுத்து, எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று வரையறுக்கும் கிராஸ்ஓவர் குமிழை 80 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்றாதீர்கள். 120-இல் வைத்தால் ஆண்குரலின் அடிப்பகுதியும் பெட்டியிலிருந்து வரத் தொடங்கும், ஒலி எங்கிருந்து வருகிறது என்பதையும் காது கண்டுபிடித்துவிடும். ஒரு கட்டை சுருதியில் தம்புராவின் மந்தர (கீழ் ஸ்தாயி) சட்ஜமே ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ்தான். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆகவே கச்சேரிக்கும் பெரும்பாலான திரையிசைக்கும் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் சிக்கனமான பெட்டியே போதுமானது. சப்வூஃபரின் அதிர்வு மற்ற ஸ்பீக்கர்களோடு இசைந்து போகச் செய்யும் ஃபேஸ் சுவிட்சை இரு நிலைகளிலும் மாற்றிப் பார்த்து, அமரும் இடத்தில் பாஸ் (தாழ்ந்த ஒலி) கூடுதலாகக் கேட்கும் நிலையில் விடுங்கள். கடைசியாக வால்யூம்: அணைத்தால் மட்டுமே அதன் இல்லாமை தெரியும் அளவே சரி.

பாட்டு ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கிறது.

எர்த் இணைப்பு இரு வழியாகச் சுற்றுவதால் வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக இருக்கலாம். இரண்டு கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகி, ஆர்.சி.ஏ. கேபிளை மின்வயரிலிருந்து விலக்குங்கள். எர்த் பின்னை நீக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

அடியில் ரப்பர் வைத்தால் கீழ்வீட்டாருக்குக் கேட்காதா?

தரை வழியாகச் செல்லும் அதிர்வு குறையும். காற்றின் வழியே சென்று சுவரைக் கடக்கும் பாஸை ரப்பர் தடுக்காது. இரவு 10 மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள்.