மட்டக்களப்புத் தரவுத்தள நிர்வாகிக்கு 189 விசா கிடைக்குமா?

தம்பி, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகக் கணினிப் பட்டம், 6 ஆண்டு தரவுத்தள நிர்வாகி வேலை, வயது 31, மனைவி ஆசிரியை. அவுஸ்திரேலிய 189 விசா (யாருடைய நியமனமும் இல்லாமல், புள்ளிக் கணக்கில் கிடைக்கும் நிரந்தர வதிவிட விசா) நிச்சயம் என்று முகவர் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். முற்பணம் கொடுக்காதீர்கள். தரவுத்தள நிர்வாகிக்கு அவுஸ்திரேலியா தந்துள்ள தொழிற்குறியீடு 262111, குறுகியகாலத் தேவையுள்ள தொழில்களின் பட்டியலில்தான் இருக்கிறது; 189 அதற்குத் திறக்காது. புள்ளிக் கணக்கில் போவதென்றால், மாநிலம் நியமிக்கும் 190 (நிரந்தரம்) அல்லது 491 (பிராந்தியங்களுக்கான தற்காலிக விசா) மட்டுமே வழி. இது தெரியாதவர் முகவரா?

உங்கள் புள்ளிக் கணக்கைப் பாருங்கள்; குறைந்தது 65 வேண்டும். வயதுக்கு 30, பட்டத்துக்கு 15. கணினித் தொழிலாளரின் தகைமையை மதிப்பிடும் அவுஸ்திரேலியக் கணினிச் சங்கம் துறைசார் பட்டதாரிக்கு வழக்கமாக முதல் 2 ஆண்டு அனுபவத்தைக் கழித்துவிடும். மீதி 4 ஆண்டுக்கு 5 புள்ளிதான். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையின் நான்கு பகுதிகளிலும் 7 எடுத்தால் 10, 8 எடுத்தால் 20. மனைவி நான்கிலும் 6 எடுத்தால் இன்னும் 5. நீங்கள் 7 எடுத்தால் மொத்தம் 65, அதாவது வெறும் வாசற்படி. 190 அதன்மேல் 5 தரும், 491 தருவது 15. ஆகவே பணத்தை முகவரிடம் அல்ல, ஆங்கிலத்தில் போடுங்கள்.

அனுபவத்தைச் சங்கத்துக்கு நிரூபிக்க, நிறுவனம் தந்த கடிதத்தில் பதவியும் திகதியும் மட்டும் இருந்தால் போதாது. காப்புப்பிரதி எடுத்தல், மீட்டெடுத்தல், வினவல்களின் வேகத்தைச் சீராக்கல், பயனர் உரிமைகள் என நீங்கள் உண்மையில் செய்ததை, முழுநேர வேலை என்ற குறிப்புடன், நிறுவனத் தாளில் எழுதி வாங்குங்கள். மறுத்தால், உங்கள் மேலாளரின் சத்தியக் கடதாசியோடு சம்பளச் சீட்டுகளை இணைக்கலாம். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் இப்போதே கொடுத்துவிடுங்கள்.