ஆரோக்கியப்பச்சை: பங்கு கிடைத்தது, இலை கிடைக்கவில்லை

அன்புள்ள ஐயா,

மலைக்கிராமம் ஒன்றில் பெரியவர்களின் மூலிகை அறிவை எழுதித் தொகுக்கிறோம். இணையத்தில் ஏற்றிவிட்டால் யாரும் காப்புரிமை வாங்க முடியாது என்கிறார்கள் நண்பர்கள். கேரளத்தின் காணிப் பழங்குடி மக்களுக்குப் பங்கு கொடுத்த, ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை பற்றிய ஒப்பந்தத்தையும் முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். சரிதானா?
க.

அன்புள்ள க.,

பாதி சரி. மஞ்சள் புண் ஆற்றும் என்பதற்கு அமெரிக்கா 1995இல் கொடுத்த காப்புரிமை 1997இல் ரத்தானது, பழைய அச்சுச் சான்றுகளைக் காட்டியதால்தான். ஆனால் மருந்தை ஊரறியப் போட்டபின் எவரும் மலைக்கு வந்து கேட்கப்போவதில்லை. சாறெடுக்கப் புதுமுறை ஒன்றைக் காட்டி அதற்குக் காப்புரிமையும் கேட்கலாம். எனவே செடியின் பெயரை மட்டும் வெளியிடுங்கள். எந்தப் பாகம், எந்தப் பருவம், எதோடு எவ்வளவு, எந்தச் சரிவு என்பதெல்லாம் கிராம சபையின் பொறுப்பில் தனி நோட்டில் இருக்கட்டும். சொன்னவரின் கையெழுத்தோடு, எதற்குச் சம்மதித்தார் என்பதையும் எழுதுங்கள். ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் பதியும் பஞ்சாயத்தின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்குத் தகவல் கொடுக்கும்போதும் இதே கோட்டைத் தாண்டாதீர்கள்.

ஆரோக்கியப்பச்சைக்கு வருவோம். 1987இல் அகத்தியமலையில் ஆய்வுக்குப் போனவர்கள், வழிகாட்டிகளான காணிகள் ஒரு பழத்தைத் தின்றுவிட்டுச் சோர்வின்றி ஏறுவதைக் கவனித்தார்கள். அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற ஊக்க மருந்து பிறந்தது. 1995இல் கேரளத் தாவர ஆய்வு நிறுவனம் அதைக் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமமாகக் கொடுத்தது. 10 லட்சம் ரூபாய், கூடவே விற்பனையில் 2 சதவீதம். இதில் பாதி காணிகளுக்கு. நல்ல மனதுதான். ஆனால் அந்த உரிம ஒப்பந்தத்தில் காணிகள் ஒரு தரப்பே இல்லை. பணம் வாங்க வேண்டிய அறக்கட்டளை பதிவானதே 1997இல். பிளாத்திகள் எனப்படும் காணி வைத்தியர்கள் சிலர் எதிர்த்ததில் வியப்பில்லை.

உண்மையில் சறுக்கியது இலையில். காணிகள் தின்றது பழம், மருந்துக்கு வேண்டியது இலை. கிள்ளினால் செடி மறுபடி தழைக்கும். விலை வந்ததும் சிலர் வேரோடு பிடுங்கினார்கள், வனத்துறை சேகரிப்பைத் தடுத்தது. அறிவுக்குப் பங்கு கிடைத்த மக்களுக்குத் தங்கள் காட்டில் இலை கிள்ளும் உரிமை அன்று இல்லை.

ஆகவே நோட்டோடு நிற்காமல், 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபை வழியாகச் சமூக உரிமை கோரச் சொல்லுங்கள். சிறு வனப்பொருள் சேகரிப்பு, மரபறிவு இரண்டும் ஒரே படிவத்தில் தனித்தனி உருப்படிகள். பலர் முதலாவதை மட்டும் நிரப்பிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். கோருபவரல்லாத மூத்தவர் சொல்ல எழுதிய வாக்குமூலமும் சான்றாகும். உங்கள் குழு முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.