வீணாகிறதா அச்சன்கோவில் தண்ணீர்?

கேள்வி: பம்பையும் அச்சன்கோவிலாறும் வீணாகக் கடலில் கலக்கின்றன. வைப்பாற்றுப் பக்கமோ வெறும் மணல். மலையைக் குடைந்து கொஞ்சம் இங்கே திருப்பினால் கேரளத்துக்கு என்ன குறைந்துவிடும்?
– ஒரு வாசகர், புளியரை

பதில்: அந்த ஆறுகள் போய்ச் சேரும் தாழ்நிலமான குட்டநாட்டில் நெல் குறையும். மலையில் ஆற்றைப் பார்த்த நீங்கள், அது போய்ச் சேரும் இடத்தையும் பார்த்துவிட்டு 'வீண்' என்று எழுதியிருக்கலாம்.

அங்கே வயல்கள் கடல்மட்டத்துக்கு 0.6 முதல் 2.2 மீட்டர் வரை கீழே கிடக்கின்றன. தென்னங்கம்பங்களை இரண்டு வரிசையாக அறைந்து, மூங்கில் தட்டி கட்டி, காயலில் வாரிய களிச்சேற்றை நடுவில் நிரப்பி எழுப்பியதுதான் வெளிக்கரை. மழை ஓய்ந்ததும் 'பெட்டியும் பறையும்' என்ற மர இறைப்பொறியை வைத்து வயல்நீரை ஆற்றில் இறைத்துவிட்டு, முளைகட்டிய விதையைத் தெளிப்பார்கள். ஓர் எலிவளை போதும்; கசிவு பெருகிக் கரை உடைந்தால் மூழ்குவது ஒருவர் வயல் அல்ல, ஒரே கரைக்குள் அடங்கிய வயல்தொகுதியான பாடசேகரம் முழுவதும்.

கோடையில் ஆறு இளைத்தால் வேம்பநாட்டுக் காயல் வழியே உப்பு மேலேறும். அதைத் தடுக்கத்தான் தண்ணீர்முக்கம் தடுப்பணை. டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்கி, மார்ச் நடுவில் ஏற்றுவது ஏற்பாடு (ஏற்றும் தேதிக்காக விவசாயிக்கும் மீனவருக்கும் ஓயாத சண்டை). உப்போடு நீரோட்டமும் நின்றதால் உரம், பூச்சிமருந்து, படகுவீட்டுக் கழிவு எல்லாம் தேங்குகின்றன, மேலே ஆகாயத்தாமரை. கரிமண் வயலில் இன்னொரு தொல்லை. மண் காய்ந்து வெடித்தால் அடியிலுள்ள கந்தகச் சேர்மம் காற்றுப்பட்டு அமிலமாகும். நீரில் துருநிறப் படலம் மிதக்கும், வேர் கருகும். சுண்ணாம்பு மட்டும் போதாது, நல்ல ஆற்றுநீரை விட்டு வடித்து அலச வேண்டும். உப்பு, அமிலம், அழுக்கு மூன்றையும் கடலுக்குத் தள்ளுவது நீங்கள் வீண் என்கிற அந்த மழைக்கால நீர்தான்.

'பம்பை–அச்சன்கோவில்–வைப்பாறு இணைப்புத் திட்டத்தில் உபரியில் 634 மில்லியன் கனமீட்டர், சுமார் 22 டி.எம்.சி.தானே கேட்கிறோம்' என்பீர்கள். மழைக்காலத்தில் உபரி உண்டு, 2018 வெள்ளத்துக்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது. ஆனால் வெள்ளம் வடியாததற்குத் தண்ணீர் மிகுதி மட்டும் காரணமல்ல. 1955-இல் கட்டிய தோட்டப்பள்ளி வெள்ளப்போக்கிக்கு (வெள்ளத்தைக் கடலுக்கு விடும் மதகணை) வரும் கால்வாய் குறுகல், நீர் கடலில் சேரும் பொழிமுகத்தில் மணல்மேடு. நினைத்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூடச் சரியாகப் போவதில்லை. எந்த மாதம், எவ்வளவு என்று கேளுங்கள், பேசலாம்.

பிப்ரவரியில் ஒருநாள் தண்ணீர்முக்கம் தடுப்பணைப் பாலத்துக்குப் போய்வாருங்கள். வடக்குப் பக்கத்து நீர் கரிக்கும். தெற்குப் பக்கத்து நீரை மட்டும் நாக்கில் வைக்க வேண்டாம். காரணம் மேலே சொல்லியாயிற்று.